பாலிசியில் இல்லாத வாசல்

இப்போது சொல்லப்போவதை எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன் சார். வக்கீலிடம், வியாபாரிகள் சங்கத்தில், சென்னைக்குப் போய் ஒரு அதிகாரியிடம், கடையில் டீ குடிக்க உட்கார்ந்தவர்களிடம். எல்லோரிடமும் ஒரே மாதிரிதான் சொன்னேன். ஆனால் பல வருஷமாகவே எனக்கு அதில் முழு நம்பிக்கை கிடையாது. சொல்லிக்கொண்டிருக்கும்போதே உள்ளுக்குள் ஒருவன் உட்கார்ந்துகொண்டு, 'அப்படியா நடந்தது?' என்று கேட்பான். அவனை அடக்கிவிட்டுத்தான் மீதியைச் சொல்வேன்.

உங்களிடம் ஏன் சொல்கிறேன் என்றால், நீங்கள் அந்தப் பாலிசித் தாளைப் புரட்டும்போது கடைசிப் பக்கம் கண்ணில் பட்டது. ஏஜென்ட் பெயர் திலகவதி என்று இருந்தது. பண்ருட்டி என்று இருந்தது. அடுத்தவர் காகிதத்தைப் பார்ப்பது தப்புதான், மன்னித்துக்கொள்ளுங்கள். பேக்கரியா? நல்லது. டோக்கன் கூப்பிட இன்னும் நேரமாகும் போலிருக்கிறது. சர்வர் படுத்துவிட்டதாம். கடலூருக்கு வந்தால் எனக்கு எப்போதும் இந்த இன்சூரன்ஸ் ஆபீசில் சர்வர் படுத்துக்கொள்ளும்.

அந்தப் பெயரை யாராவது சொன்னால், 'அந்த அம்மாவிடம் ஜாக்கிரதை' என்றுதான் வழக்கமாகச் சொல்வேன். இன்றைக்குச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன். நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

என் பெயர் கலியபெருமாள். விருத்தாசலம் கடைவீதியில் 'கொளஞ்சியப்பர் பந்தல் ஸ்டோர்' என்னுடையது. பந்தல், மணமேடை, நாற்காலி, பாத்திரம் எல்லாம் வாடகைக்கு. இந்தத் தொழிலில் வெளியே தெரியாத ஒரு விஷயம் உண்டு. கல்யாணத்துக்குப் போகிற சாமானும் சாவுக்குப் போகிற சாமானும் ஒரே இடத்தில் இருக்கக் கூடாது. யாரும் சட்டம் போடவில்லை. ஆனால் பெண்ணுக்கு மணமேடை பார்க்க வருகிறவர்கள் கண்ணில் ஒரு ஐஸ் பெட்டி பட்டதென்றால், செருப்பை மாட்டிக்கொண்டு போய்விடுவார்கள். ஐஸ் பெட்டி தெரியுமல்லவா? உடம்பை வைப்பதற்குக் கண்ணாடி மூடி போட்டு வருமே, அது.

அதனால் எனக்கு இரண்டு வாசல். கடைவீதியில் கல்யாண வாசல். பின்னால் ஒரு முற்றம், அதைத் தாண்டி ஒரு தகரக் கொட்டகை. கொட்டகைக்கு வாய்க்கால் தெருவில் வாசல். ஐஸ் பெட்டி, நீல நாற்காலி, தகரப் பந்தல் எல்லாம் அங்கே. அதற்குப் போர்டு கிடையாது. என் மனைவியின் தம்பி அரிகிருஷ்ணன் அதைப் பார்த்துக்கொண்டான். ஊரில் அவனை 'ஐஸ் பெட்டி அரி' என்பார்கள். நடுவில் ஒரு சின்னக் கதவு உண்டு. அது எப்போதும் தாழ்ப்பாள் போட்டிருக்கும்.

வருமானம் பார்த்தால் அந்தப் பக்கம்தான் கடையைத் தாங்கியது. கல்யாணம் ஆடியில் வராது, மார்கழியில் வராது. அது எல்லா மாதமும் வரும். வாடகையில் பேரம் பேச மாட்டார்கள். ஆனால் அதை முன்பக்கத்தில் பேசக் கூடாது. அது என் கண்டிப்பு. பெயர்கூடச் சொல்லக் கூடாது. சொல்லியே ஆகவேண்டுமென்றால் 'அந்தப் பக்கம்' என்றுதான் சொல்ல வேண்டும்.

ஆரம்பத்தில் அரிக்கு இது பிடிபடவில்லை. ஒரு நாள் மாப்பிள்ளையின் அப்பா ஒருவர் உட்கார்ந்து நாற்காலிக் கணக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறார். இவன் வந்து நின்று, "மாமா, பூதாமூருக்கு ஐஸ் பெட்டி போகணும், வண்டி வேணும்" என்கிறான். அந்த மனிதர் பேனாவை மூடினார். "அப்புறம் வர்றேங்க" என்றார். வரவில்லை. அன்றைக்கு நாலு பேர் எதிரில் அரியைப் பார்த்து, "வாய் எதுக்குடா வெச்சிருக்கே, சோறு திங்க மட்டும் வெச்சுக்கோ" என்று கேட்டேன். கோபத்தில் கேட்டதுதான். அதற்கப்புறம் அவன் சரியாகிவிட்டான். அந்தப் பக்கத்து வேலை ஏதாவது என்றால் கல்லாப் பெட்டி அருகே வந்து நிற்பான். என் முகத்தைப் பார்ப்பான். நான் தலையை அசைத்தால் போவான். அசைக்காவிட்டால் நின்றுகொண்டே இருப்பான். நல்ல பிள்ளை சார். சொன்னால் பிடித்துக்கொள்கிற ரகம்.

இன்சூரன்ஸ் விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு அதில் ஆசை கிடையாது. ஜெனரேட்டர் வாங்க பேங்கில் கடன் கேட்டேன். சரக்குக்கு இன்சூரன்ஸ் இருந்தால்தான் தருவோம் என்றார் மேனேஜர். அவரே திலகவதி பெயரைச் சொன்னார். கணவர் இல்லாதவள். ஒரு கறுப்புக் குடை, ஒரு ரெக்ஸின் பை. வெயிலோ மழையோ நடந்தே வருவாள். நான்தான் வளர்பிறையில் ஒரு முகூர்த்த நாளாகப் பார்த்து வரச் சொன்னேன். கையெழுத்துப் போடுகிற காரியம், நல்ல நாளில் செய்வோமே என்று.

முகூர்த்த நாளில் கல்யாணக் கடைக்குக் கல்யாணக்காரர்களும் வருவார்கள் என்பது தோன்றவில்லை. மங்கலம்பேட்டையிலிருந்து ஒரு பெண் வீடு. பெண், பெண்ணின் அம்மா, தாய்மாமன். தை மாதக் கல்யாணம், பெரிய ஆர்டர். மணமேடைக்கு எந்த நிறத்தில் வெல்வெட் போடுவது என்று பார்க்க வந்திருந்தார்கள். அதே நேரத்தில் இவளும் வந்து உட்கார்ந்தாள். பத்தடிக் கடை. ஒரு பக்கம் வெல்வெட், இன்னொரு பக்கம் பாலிசி.

"அண்ணே, தீ விபத்து, இடி, புயல், வெள்ளம், கலவரம், திருட்டு. ஒவ்வொண்ணா சொல்றேன். எது வேணும், எது வேணாம்னு நீங்க..."

"ஏம்மா" என்றாள் பெண்ணின் அம்மா. "கல்யாணப் பொண்ணு உட்கார்ந்திருக்கு. அந்தப் பட்டியலைக் கொஞ்சம் மெதுவா வாசிக்கக் கூடாதா?"

தாய்மாமன் சிரித்தார். "விடுக்கா. மாப்பிள்ளை வீட்டுல குடுத்த சீர் லிஸ்டை விட இது ஒண்ணும் பயங்கரமா இல்ல."

எல்லோரும் சிரித்தோம். பெண்கூடச் சிரித்தது. நான் திலகவதியிடம் சொன்னேன்: "வாயால வேணாம்மா. பேனாவால தொட்டுக் காட்டுங்க. நான் தலையாட்டறேன்."

அப்படித்தான் நான் இன்சூரன்ஸ் எடுத்தேன் சார். அவள் ஒவ்வொரு வரியாகப் பேனாவை வைத்தாள். தீக்கு ஆட்டினேன். புயலுக்கு ஆட்டினேன். வெள்ளத்துக்கு நன்றாகவே ஆட்டினேன், மணிமுத்தாறு பக்கத்தில் இருக்கிறவன் நான். பூமி அதிர்ச்சிக்கு வேண்டாம் என்று ஆட்டினேன். நடுநடுவே வெல்வெட்டையும் விரித்துக் காட்டிக்கொண்டிருந்தேன்.

பிறகு அவள் பேனாவை வைத்துவிட்டு வாயால்தான் பேசினாள். அதை நான் இன்றைக்கும் ஒப்புக்கொள்கிறேன். "அண்ணே, இது மட்டும் கேட்டுக்குங்க. இது சரக்குக்கு இல்ல, இடத்துக்கு. இந்தக் கதவு நம்பருக்குள்ள இருந்தாத்தான் காசு வரும். வேற எங்கயாவது சாமான் வெச்சிருக்கீங்களா? இருந்தா ஃப்ளோட்டர்னு ஒண்ணு இருக்கு. ரெண்டு இடத்தையும் சேர்த்து எழுதிக்கலாம். சாமான் இங்கே இருந்தாலும் சரி, அங்கே இருந்தாலும் சரி."

நான் அப்போது மெரூன் வெல்வெட்டைக் கையில் வைத்திருந்தேன். ஏதோ சொன்னேன். என்ன சொன்னேன் என்று திட்டமாக நினைவில்லை. "அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்மா" என்று சொல்லியிருப்பேன். நீங்களே சொல்லுங்கள், அது ஒரு பதிலா? அதைப் பதிலாக எடுத்துக்கொண்டது அவள் தப்பு. மறுபடியும் கேட்டாளாம், "அப்போ இல்லேன்னு போட்டுக்கவாண்ணே?" என்று. நான் தலையாட்டினேனாம். அதே நேரத்தில் பெண்ணின் அம்மா, "துவைச்சா சாயம் நிக்குமா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் யாருக்குத் தலையாட்டினேன் என்று யார் சொல்ல முடியும்?

அரி அன்றைக்குக் கடையில்தான் இருந்தான். தூணோரமாக அளவு டேப்பைச் சுருட்டிக்கொண்டு நின்றான்.

ஒரு விஷயம் எனக்கு இன்றைக்கும் எரிச்சல். என் சாமான் கடைக்குள் இருக்கிற நாளில் எனக்குக் காசு கிடையாது. வெளியே ஏதாவது ஒரு மண்டபத்தில் இருந்தால்தான் காசு. இவர்களோ சாமான் கடைக்குள் இருந்தால்தான் இன்சூரன்ஸ் என்கிறார்கள். எனக்கு லாபமில்லாத நாளுக்குக் காவல், லாபம் வருகிற நாளுக்குக் காவல் இல்லை. இதைக் கண்டுபிடித்தவன் பந்தல் போட்டவனாக இருக்க மாட்டான். உங்கள் பேக்கரிக்கு அந்தத் தொல்லை இல்லை. அடுப்பு எங்கேயும் நடந்து போகாது.

மார்கழி வந்தது. கல்யாணம் இல்லாத மாதம் என்று முன்பக்கத்துக் கடையில் தரையைப் பெயர்த்துப் புதுத் தரை போட ஆரம்பித்தேன். சாமானை எங்கே வைப்பது? கொட்டகையில்தான் இடம் இருந்தது. மணமேடை செட், ராஜா நாற்காலி இரண்டு, வெல்வெட், கம்பளம், எல்லாம் அங்கே போயாக வேண்டும். நடுக் கதவு இருபதடி தூரம்கூட இல்லை. ஆனால் முன்னால் கொத்தனார்கள் வேலை செய்கிறார்கள். கல்யாண நாற்காலி ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் போகிறதை அவர்கள் பார்த்தால் சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். அதனால் எல்லாவற்றையும் கோணியில் சுற்றி, மூடின வண்டியில் ஏற்றி, பஸ் ஸ்டாண்டைச் சுற்றிக்கொண்டு போய் வாய்க்கால் தெரு வாசலில் இறக்கினோம். அரி வண்டிக்குள் உட்கார்ந்து வந்தான். "மாமா, கதவு வழியாவே..." என்று ஆரம்பித்தான். என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான்.

பத்து நாள் இருந்திருந்தால் போதும். தரை காய்ந்திருக்கும்.

ஒரு மத்தியானம், ஐஸ் பெட்டிக்குப் போட்டிருந்த ஒயரில் தீப்பொறி வந்தது. பக்கத்திலேயே வெல்வெட். நான் ஓடிப் போவதற்குள் தகரம் சிவந்துவிட்டது. வாய்க்கால் தெரு ஆட்கள் நல்லவர்கள், குடம் குடமாகக் கொண்டுவந்து ஊற்றினார்கள். ஆளுக்கொரு சாமானாக இழுத்து வெளியே போட்டார்கள். அங்கேதான் என் மானம் போயிற்று. ஐஸ் பெட்டிக்குப் பக்கத்திலிருந்து ராஜா நாற்காலி ஒன்று வெளியே வருகிறது. தங்கக் கலர் சிங்கத் தலையில் ஒரு பாதி கரி. தெருவே நின்று பார்த்தது. ஒருத்தி சொன்னது என் காதில் விழுந்தது: "இதுலதானே போன மாசம் நம்ம கோமளா பொண்ணு உட்கார்ந்துச்சு."

மறுநாள் மங்கலம்பேட்டை தாய்மாமன் போன் செய்தார். சீர் லிஸ்ட் ஜோக் அடித்தவர்தான். இந்தத் தடவை ஜோக் இல்லை. "தப்பா எடுத்துக்காதீங்க. வீட்டுப் பொம்பளைங்க மனசு. நாங்க வேற இடம் பார்த்துக்கறோம்" என்றார். தை மாசம் முழுக்க அப்படியே போயிற்று. ஒருத்தர் சொல்லிவிட்டு நின்றார், மற்றவர்கள் சொல்லாமலே நின்றார்கள்.

இன்சூரன்ஸ் இருக்கிறதே என்று அப்போதும் தைரியமாகத்தான் இருந்தேன். தீக்குத் தலையாட்டியிருக்கிறேனே. கம்பெனி சர்வேயர் வந்தார். ஹெல்மெட்டைக் கழற்றாமலே கரியைச் சுற்றி வந்தார். கதவு நம்பரைப் பார்த்தார். பாலிசியைப் பார்த்தார். மறுபடியும் கதவு நம்பரைப் பார்த்தார்.

"இது பாலிசில இல்லையே சார்."

"ஒரே மனைதான் சார். நடுவுல கதவு இருக்கு பாருங்க."

"கதவு இருக்கு. பாலிசில இல்ல. வேற இடம் இல்லேன்னு எழுதிக் குடுத்திருக்கீங்க."

சுற்றி ஆட்கள் நிற்கிறார்கள். அரி பக்கத்தில்தான் நின்றான், முகமெல்லாம் கரி. திரும்பிப் பார்த்துக் கேட்டேன்: "டேய் அரி, இந்த இடத்தைப் பத்தி அந்தம்மாகிட்டே சொன்னியா இல்லியா?"

"சொன்னேன் மாமா."

கேட்ட உடனே சொன்னான் சார். யோசிக்கவே இல்லை.

"அதுக்கு என்ன சொல்லிச்சு?"

"ஒரே சுவருதானே, தனியா எழுத வேணாம்னுச்சு."

"எப்போ?"

"நீங்க வெல்வெட் காட்டிக்கிட்டிருந்தப்போ."

இதுதான் அந்தக் கதை. ஊர் ஊராக நான் சொன்னது இதைத்தான். எங்கள் ஆள் சொன்னான், ஏஜென்ட் எழுத வேண்டாம் என்றாள், இப்போது கம்பெனி கையை விரிக்கிறது. வேறென்ன வேண்டும்? புகார் எழுதினேன். நன்றாகவே எழுதினேன், வக்கீல் வைத்து. கம்பெனியில் அவளை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். விசாரணை முடிகிறவரை புதுப் பாலிசி எழுதக் கூடாது என்று நிறுத்தி வைத்தார்கள். கடைவீதியில் எல்லோரும் அவளிடம்தான் எடுத்திருந்தார்கள். மருந்துக் கடை, செருப்புக் கடை, எல்லாம். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு ஒவ்வொருவராக வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார்கள். நான் யாரையும் மாற்றச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னேன், அவ்வளவுதான்.

ஒருநாள் கடைக்கு வந்தாள். குடையை மடக்கி வாசலிலேயே வைத்துவிட்டு உள்ளே வந்தாள். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"அண்ணே, உங்க மச்சான் எங்கிட்டே எதுவும் சொல்லல. சொல்லவும் வேண்டியதில்ல. வாய்க்கால் தெரு கொட்டகை உங்களுதுன்னு எனக்கே தெரியும்."

"தெரியுமா?"

"எங்க அப்பாவுக்கு அங்கேருந்துதானே பெட்டி வந்துச்சு. ரசீதுல உங்க கையெழுத்து இருந்துச்சு. அதனாலதான் ரெண்டு தரம் கேட்டேன். நீங்களே சொல்லுவீங்கன்னு பார்த்தேன். சபையில, அந்தப் பொண்ணை வெச்சுக்கிட்டு, நானா எப்படிண்ணே அதைச் சொல்றது? நீங்க சொல்றதைத்தான் நான் எழுத முடியும்."

எனக்கு எப்படி இருந்திருக்கும் பாருங்கள். தெரியுமாம். தெரிந்தே எழுதவில்லையாம். தெரிந்திருந்தால் எழுத வேண்டியதுதானே? ஒரு வாய் வார்த்தைக்கு வெட்கப்பட்டுக்கொண்டு ஒருத்தனுடைய பிழைப்பை இப்படிச் செய்யலாமா? இதையும் புகாரில் சேர்த்தேன். அப்போது என்னிடம் இருந்ததிலேயே நல்ல பாயிண்ட் அதுதான் என்று வக்கீலும் சொன்னார். அதைச் சேர்த்திருக்க வேண்டாமோ என்று பின்னால் சில நாள் தோன்றியிருக்கிறது. அவளாக வந்து சொன்னதை அவள் மேலேயே திருப்பினது மாதிரி. ஆனால் உண்மைதானே, சார்? அவள் சொன்னதைத்தான் எழுதினேன்.

சென்னையில் விசாரணை. இந்த மாதிரி வழக்குக்கென்றே ஒரு அதிகாரி இருக்கிறார். வயதானவர், பொறுமையாகக் கேட்டார். அரி சாட்சி சொன்னான். "ஒரே சுவருதானேன்னு சொன்னாங்க" என்று அதே வார்த்தையில் சொன்னான். அதிகாரி, "அப்போது யார் யார் இருந்தார்கள்?" என்று கேட்டார். "கல்யாண வீட்டுக்காரங்க இருந்தாங்க" என்றான். அதிகாரி அவனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். எதையோ குறித்துக்கொண்டார். பிறகு என்னிடம், "எழுதினதைப் படித்துவிட்டுத்தானே கையெழுத்துப் போட்டீர்கள்?" என்றார். படித்தேன் என்றால் தப்பு என் மேல். படிக்கவில்லை என்றாலும் தப்பு என் மேல். இந்த மாதிரிக் கேள்வியெல்லாம் கேட்டால் என்ன நியாயம் கிடைக்கும்?

பைசா வரவில்லை. திலகவதி மேலேயும் தப்பு இல்லை என்று எழுதிவிட்டார்கள். ஆனால் அதற்குள் கடைவீதியில் அவளுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. பண்ருட்டியில் அவள் அண்ணன் இருக்கிறார், அங்கே போய்விட்டாள் என்று கேள்விப்பட்டேன். இப்போது உங்கள் தாளில் பார்க்கிறேன். கையெழுத்து அப்படியே இருக்கிறது. நன்றாக இருக்கிறாளா? இன்னும் நடந்துதான் வருகிறாளா?

சரி, சந்தேகத்துக்கு வருகிறேன். எப்போது ஆரம்பித்தது என்று தெரியவில்லை. திரும்பத் திரும்பச் சொல்லிச் சொல்லித்தான் வந்தது என்று நினைக்கிறேன். ஒவ்வொரு தடவையும் 'நான் வெல்வெட் காட்டிக்கொண்டிருந்தபோது' என்கிற இடம் வரும்போது எனக்கு அந்தக் கடை கண்ணில் தெரியும். பத்தடிக் கடை சார். அவள் கேட்டது எனக்குக் கேட்டது. பெண்ணின் அம்மா சாயம் நிற்குமா என்றது கேட்டது. தாய்மாமன் செருமினதுகூடக் கேட்டது. அரி பேசினது மட்டும் எப்படிக் கேட்காமல் போயிற்று? கல்யாணக்காரர்கள் உட்கார்ந்திருக்கும்போது என் காது அந்த ஒரு பேச்சுக்காகத் திறந்தே இருக்கும். முற்றத்துக்கு அப்பால் ஒருவன் 'பெட்டி' என்று முணுமுணுத்தால் எனக்கு இங்கே தூக்கிவாரிப் போடும்.

என் மனைவி பூங்காவனத்திடம் ஒரு தடவை கேட்டேன். "உன் தம்பி பொய் சொல்லுவானா?"

அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை. "உங்களுக்குப் பிடிக்காததை அவன் சொன்னதே இல்லையே" என்றாள்.

அதைக் கேட்டு எனக்கு நிம்மதியாக இருந்தது. கூடப் பிறந்தவளே சொல்கிறாளே என்று. அந்த நிம்மதியிலேயே ரொம்ப நாள் ஓட்டினேன்.

இப்போது கடை மறுபடியும் நிமிர்ந்துவிட்டது. கல்யாணக்காரர்கள் வருகிறார்கள். வேறு வழியில்லை, எல்லாக் கடைக்கும் இரண்டு வாசல்தான் என்று அவர்களுக்கும் தெரிந்துவிட்டது. கொட்டகைக்கு ஒரு போர்டுகூட வைத்தாயிற்று. மறைக்க ஒன்றுமில்லை. போன வாரம் ஒரு புது ஏஜென்ட் வந்தான். சின்ன வயது, கையில் பெரிய போன், குடை கிடையாது. கடையில் வேறு யாரும் இல்லை. நான், அவன், அரி, மூன்றே பேர். அரிக்கு இப்போது காதோரம் நரைத்துவிட்டது.

பையன் வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்தான். நான் தலையாட்டாமல் வாயாலேயே பதில் சொன்னேன். பிறகு அந்தக் கேள்வி வந்தது. "இந்த இடம் தவிர வேற எங்கயாவது ஸ்டாக் வெச்சிருக்கீங்களா சார்?"

அரியைப் பார்த்தேன். அவன் வாயைத் திறந்தான். நிஜமாகவே திறந்தான், பல் தெரிந்தது. பிறகு என் முகத்தைப் பார்த்தான். கல்லாப் பெட்டி அருகே வந்து நின்று பார்ப்பானே, அதே மாதிரி. நான் தலையை அசைக்கவில்லை. அவன் வாயை மூடிக்கொண்டான். "நாற்காலி எண்ணணும் மாமா" என்று சொல்லிவிட்டு நடுக் கதவைத் திறந்துகொண்டு அந்தப் பக்கம் போய்விட்டான்.

பையன், "சார்?" என்றான்.

"இருக்கு" என்றேன். "பின்னால வாய்க்கால் தெருவுல ஒரு கொட்டகை. ஐஸ் பெட்டி இருக்கு. சாவுச் சாமான். அதையும் சேர்த்து எழுதிக்கோ. ஃப்ளோட்டர்னு ஒண்ணு இருக்குமே, அது." பையன் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. போனில் தட்டிக்கொண்டே, "ஓகே சார், டோர் நம்பர்?" என்றான். அவ்வளவுதான் அந்த விஷயம். ஒரு கதவு நம்பர். அந்தக் கையெழுத்துக்காகத்தான் இன்றைக்கு இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

அவன் போனதும் எழுந்து கொட்டகைக்குப் போனேன். அரி நாற்காலி எண்ணவில்லை. ஐஸ் பெட்டிக் கண்ணாடியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது. இன்றைக்கு இவன் பொய்யைப் பிடித்துவிடுவது என்றுதான் போனேன், மறைக்கவில்லை. இத்தனை வருஷமாக நான் ஊரெல்லாம் சொன்னதற்கு இவன்தானே ஆதாரம்.

"அரி, அந்தம்மா ஃபாரம் எழுதின அன்னிக்கு, இந்தக் கொட்டகையைப் பத்தி நீ சொன்னியா?"

"சொன்னேன் மாமா" என்றான். யோசிக்கவே இல்லை. துணியும் நிற்கவில்லை.

கேட்க வேண்டியதை எல்லாம் வழியிலேயே கோத்து வைத்திருந்தேன். எங்கே நின்று சொன்னாய், என்ன வார்த்தை சொன்னாய், நான் எப்படிக் கேட்காமல் போனேன் என்று. ஒரு வக்கீல் மாதிரி. அவன் முகத்தைப் பார்த்ததும் அத்தனையும் போய்விட்டது. அவன் என் தலை அசைகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தான். வேறு ஒன்றுதான் வாயில் வந்தது.

"சொன்னேங்கறியே, அரி. அந்தப் பொண்ணு வீட்டை எதிர்ல வெச்சுக்கிட்டு நீ வாயைத் திறந்திருந்தா, உன்னை நான் சொல்ல விட்டிருப்பேனாடா?"